பூசணி விதை: தூளுக்கு அவசரமில்லை

கேள்வி

அன்புள்ள மகளுக்கு, உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் என் மூத்த பெண் போன விடுமுறைக்கு வந்தபோது, மசாலா போட்டு வறுத்த பூசணி விதை இரண்டு பொதி கொண்டுவந்தாள். அவளுடைய அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அவருக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் உண்டு. பின்னேரத் தேநீருடன் ரோல்ஸும் பற்றிஸும் சாப்பிடுகிறார் என்று கிளினிக்கில் கண்டித்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக இதை வீட்டிலேயே செய்துகொடுக்கலாம் என்று, பெண் அனுப்பிய செய்முறையைப் பார்த்து மூன்று முறை முயன்றேன். முதல் தடவை வெளியே கறுத்து உள்ளே சவசவ என்று இருந்தது. இரண்டாம் தடவை மசாலா கைத்தது, வீடு முழுவதும் இருமல். மூன்றாம் தடவை நன்றாக வந்தது. தேசிக்காய் பிழிந்து போத்தலில் போட்டு மூடினேன், மறுநாள் காலையில் நமத்துப்போயிற்று. பொதியில் இருந்தவை பச்சை நிறம், என்னுடையவை வெள்ளை. எங்கே பிழை விடுகிறேன்? இந்த விதையைத் தொடர்ந்து சாப்பிட்டால் குளிசையை நிறுத்தலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே, உண்மையா? மூன்று வயதுப் பேரனுக்குக் கொடுக்கலாமா? அடுத்த முறை மக்கானா கொண்டுவருகிறேன் என்கிறாள் பெண். அது நம் குளத்துத் தாமரை விதைதானே?

பதில்

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தக் குளிசை விடயம். நிறுத்த வேண்டாம். ஒரு நேரக் குளிசையைக்கூடத் தவறவிட வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். பக்கத்து வீட்டு ஆலோசனைக்குக் கால் நீளம். என் பதிலை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் அது உங்கள் வீட்டுக்காரரின் காதுக்குப் போய்விடக்கூடும் என்பதால் இதை மேலே எழுதிவைத்தேன்.

இனி அடுப்படிக்கு வருவோம். மூன்று தடவையும் மூன்று வேறு பிழைகள். ஒன்றைத் திருத்திய பிறகுதான் அடுத்தது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் தடவை நன்றாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அப்படியென்றால் வறுக்கும் கை உங்களுக்கு வந்துவிட்டது. மிச்சம் இருப்பது சின்ன வேலைதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவிய வரி, ‘பொதியில் இருந்தவை பச்சை நிறம், என்னுடையவை வெள்ளை’ என்பது. பச்சை நிறத்தில் இருப்பது பருப்பு. வெள்ளையாக இருப்பது கோதுடன் கூடிய முழு விதை. உங்கள் விதை ஒன்றை எடுத்து, கூர்ப்பக்கத்தை நகத்தால் கீறிப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய சவ்வுக்குள் அதே பச்சைப் பருப்புப் படுத்திருக்கும். பொதிகளில் விற்பது, இயந்திரத்தால் கோது நீக்கிய பருப்பாக இருக்கும். அல்லது கோதே இல்லாமல் காய்க்கும் ஒரு பூசணி இனத்தின் விதையாக இருக்கும். ஒஸ்திரியாவின் ஸ்டீரியா பகுதி அந்த இனத்துக்குப் பெயர்போனது. பருப்பு என்றால் தாச்சியில் நான்கைந்து நிமிடத்தில் உப்பிப் பொரிந்துவிடும். கோதுள்ள விதைக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு நேரம் வேண்டும், நெருப்பும் அதைவிடக் குறைவாக வேண்டும். பெண் அனுப்பிய செய்முறை பருப்புக்கு எழுதியது. நீங்கள் அதை முழு விதைக்குப் பிடித்தீர்கள். கோது கறுக்காமல் என்ன செய்யும்?

வீட்டில் கோது நீக்கலாமா என்று கேட்பீர்கள். நானும் ஒரு முறை ஆசைப்பட்டேன். நகவெட்டியால் விளிம்பைக் கத்தரித்துக் கத்தரித்து ஒரு மணித்தியாலம் இருந்தேன். கிடைத்த பருப்பு தேநீர்க் கோப்பையின் அடியை மறைக்கவில்லை. பெருவிரலில் கொப்புளம்தான் மிச்சம். கோதுடனேயே வறுத்துச் சாப்பிடுங்கள். விதை சிறிதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் கோதும் மொறுமொறுவென்று நொறுங்கும். முற்றிய பெரிய காயின் தடித்த விதை என்றால் கச்சான் போல உடைத்துப் பருப்பை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் ஒரு நன்மையும் உண்டு, உடைத்துத் தின்கிறவர் மெதுவாகத்தான் தின்பார்.

இன்னொரு சின்னக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வெறுமனே பூசணி என்றால் பலருக்கு நம்முடைய நீற்றுப்பூசணிதான் நினைவுக்கு வரும். நாம் கறி வைக்கும் மஞ்சள் சதைக் காயை அங்கே பரங்கிக்காய் என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்வார்கள். பெண்ணிடம் செய்முறை கேட்கும்போது எந்தக் காய் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவையின் பிழைக்கு ஈரமும் ஒரு காரணம். விதைக்குள் தண்ணீர் இருக்கும்வரை அது வறுபடாது, அவியும். தண்ணீர் முழுவதும் வெளியேறிய பிறகுதான் நிறம் மாறும், மணம் வரும். நெருப்பைக் கூட்டினால் கோது தன் ஈரத்தை இழந்து கருகத் தொடங்கிவிடும். பருப்பு உள்ளே இன்னும் அவிந்துகொண்டிருக்கும். நீங்கள் எழுதிய ‘வெளியே கறுத்து உள்ளே சவசவ’ அதுதான்.

ஆகவே இப்படிச் செய்துபாருங்கள். காயை வெட்டியதும் விதையை நாருடன் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, கையால் பிசையுங்கள். சதை கீழே போகும், விதை மிதக்கும். அள்ளி எடுப்பது சுலபம். வழுவழுப்பு முழுவதும் போகவில்லை என்று தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கோப்பை விதைக்கு இரண்டு கோப்பை தண்ணீரும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து, பத்து நிமிடம் மெல்லிய கொதியில் வையுங்கள். மிச்ச வழுவழுப்பும் அந்தக் கொதியில் கழன்றுவிடும். உப்புத் தண்ணீர் கோதுக்குள் ஊறி அங்கேயே காய்வதால், வறுத்த பின் மேலே தூவும் உப்பைப் போல அடியில் உதிர்ந்து கிடக்காது. வடித்த தண்ணீருடன் உப்பின் பெரும்பகுதி போய்விடும். விதையில் தங்குவது கொஞ்சம்தான். பிரஷர் உள்ள வீட்டுக்கு இந்த வழியையே நான் சொல்வேன்.

வடித்ததும் ஒரு பழைய பருத்தித் துணியில் கொட்டி ஒற்றி எடுத்து, சுளகில் பரப்பி வெயிலில் வையுங்கள். கடதாசியில் பரப்ப வேண்டாம். ஈர விதையில் அச்சு மை ஒட்டும், விதையும் கடதாசியில் ஒட்டிக்கொள்ளும். திருகோணமலையில் ஆனி ஆடி மாதங்களில் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும்போது அரை நாள் போதும். காகத்துக்கும் அணிலுக்கும் மேலே ஒரு வலைத்துணி. கார்த்திகை மார்கழியில் வாடை அடித்து மழை நிற்காத நாட்களில் வெயிலை நம்பிக்கொண்டிருந்தால் விதை பூசணம் பிடிக்கும். அந்தக் காலத்தில் தாச்சியை அடுப்பின் ஆகக் குறைந்த நெருப்பில் வைத்து, எண்ணெய் இல்லாமல் பத்து நிமிடம் கிளறியே உலர்த்திவிடுங்கள்.

பூசணம் என்று சொன்னேன், அதைச் சும்மா கடந்துபோக முடியாது. விதைகளிலும் கச்சானிலும் பிடிக்கும் சில பூசணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது ஈரலுக்குக் கெடுதி. வறுக்கும் சூட்டில் அது முழுமையாக அழியாது. மணம் மாறிய, புள்ளி விழுந்த விதையைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். அதேபோல, ஒரு விதையை மென்றதும் மசாலாவுக்கு மேலாக ஒரு கடுங்கைப்பு நாக்கைப் பிடித்தால் துப்பிவிட்டு அந்தக் காயையே ஒதுக்குங்கள். சுரை, பூசணி, வெள்ளரிக் குடும்பத்தில் எப்போதாவது ஒரு கொடியில் குக்குர்பிட்டாசின் என்ற கைப்புப் பொருள் அதிகமாகிவிடும். சமைத்தாலும் போகாது, வயிற்றைப் புரட்டும், சில வேளைகளில் வைத்தியசாலை வரை கொண்டுபோகும். விதைப்பதற்கென்று கடைகளில் விற்கும் பொதி விதையை வாங்கி வறுத்துவிடவும் வேண்டாம். பூசண நாசினி பூசி, இளஞ்சிவப்போ பச்சையோ சாயம் ஏற்றியிருப்பார்கள்.

வறுப்பதற்கு அடி கனத்த தாச்சி. டச்பே கடற்கரையில் பின்னேரத்தில் கச்சான் வறுப்பவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? மணல் சூடாகி, கச்சானை எல்லாப் பக்கமும் சூழ்ந்து ஒரே அளவில் சூட்டைக் கொடுக்கிறது; தாச்சியின் அடி கச்சானை நேரே சுடுவதில்லை. அவர் கரண்டி ஒரு கணமும் நிற்காது. நமக்கு வீட்டில் மணல் தேவையில்லை, ஆனால் அந்தக் கரண்டியின் விடாப்பிடி தேவை. மிகச் சிறிய நெருப்பில் பதினைந்து முதல் இருபது நிமிடம். முதலில் ‘உஸ்’ என்ற ஈரச் சத்தம் வரும். அது ஓய்ந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படபடக்கத் தொடங்கும்போது விதை வெள்ளையிலிருந்து பழைய வேட்டியின் நிறத்துக்கு வந்திருக்கும். அப்போது ஒன்றை எடுத்து ஊதி ஆறவிட்டுக் கடியுங்கள். சூடாக இருக்கும்போது கடித்தால் எந்த விதையும் மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் வேண்டும் என்று வறுத்துத்தான் பலர் கருக்குகிறார்கள். ஆறிய விதை வளைந்தால் இன்னும் மூன்று நிமிடம். டக்கென்று உடைந்தால் உடனே தட்டில் கொட்டுங்கள். அடுப்பை அணைத்தாலும் தாச்சி அணையாது. வீட்டில் ஓவன் இருந்தால் 150 பாகை செல்சியஸ் சூட்டில் அரை மணித்தியாலம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறுங்கள்.

இரண்டாம் தடவை வீடெல்லாம் இருமிய கதைக்கு நானும் உடந்தை. சில வருடங்களுக்கு முன் மூதூரில் பெண்கள் சிலருக்கு ஒரு செயல்முறை வகுப்பு நடத்தினேன். பேசிக்கொண்டே, புகைந்துகொண்டிருந்த தாச்சியில் மிளகாய்த்தூளைத் தூவிவிட்டேன். ஒரு நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் முற்றத்தில், முந்தானையால் வாயைப் பொத்தியபடி. மிளகாயின் காரப் பொருள் சூட்டில் காற்றில் ஏறிவிடுகிறது. தூள் கருகிக் கைக்கிறது. அன்றிலிருந்து என் விதி ஒன்றுதான்: வறுப்பது வேறு வேலை, மசாலா பூசுவது வேறு வேலை. முதலாவது முடிந்து அடுப்பு அணைந்த பிறகே இரண்டாவது.

ஆனால் உங்கள் வீட்டுக் கைப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தியச் செய்முறையில் மிளகாய்த்தூள் என்று இருந்தால் அது மிளகாயை மட்டும் அரைத்த தூள். நம் வீடுகளில் மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கறித்தூள்: செத்தல் மிளகாயுடன் கொத்தமல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, சில வீடுகளில் வெந்தயம், எல்லாம் ஏற்கெனவே வறுத்து அரைத்தது. வறுத்ததை மறுபடி வறுத்தால் கைக்காமல் என்ன செய்யும்? வெந்தயமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்குத் தனி மிளகாய்த்தூள் வாங்குங்கள்.

மசாலா ஒரு கோப்பை விதைக்கு நான் போடும் அளவு இது. விதை தட்டில் ஆறிக்கொண்டிருக்கட்டும். அதே தாச்சியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சூடேறியதும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஈரமில்லாமல் துடைத்துப் போடுங்கள். இலை மொறுகியதும் ஒரு சிட்டிகை பெருங்காயம், ஒரு சிட்டிகை மஞ்சள். இவை இரண்டுக்கும் சூடான எண்ணெய் பட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாடை போகாது. இப்போது அடுப்பை அணையுங்கள். பத்து எண்ணுங்கள். அதன் பிறகு கால் தேக்கரண்டி தனி மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த நற்சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. ஒரு கிளறு கிளறி விதையைக் கொட்டிப் புரட்டுங்கள். எண்ணெய் இவ்வளவு குறைவாகப் போதுமா என்று தோன்றும். போதும். காரமும் மணமும் எண்ணெயில் கரைந்து விதை முழுவதும் பரவும். எண்ணெயே இல்லாமல் செய்தால் தூளெல்லாம் போத்தலின் அடியில்தான் இருக்கும்.

புளிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்றாம் பிழை அதில்தான் தொடங்குகிறது. வறுத்த விதையில் தேசிக்காய் பிழிந்தீர்கள். அத்தனை பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீரை ஒரு நொடியில் திரும்ப ஊற்றிவிட்டீர்கள். வட இந்தியர்கள் இதற்கு ஆம்சூர் என்னும் மாங்காய்த்தூள் போடுகிறார்கள். அதைக் கடையில் தேடி அலைய வேண்டாம். காற்றுக்கு விழும் மாங்காயை என்ன செய்கிறீர்கள்? தோல் சீவி, மெல்லிய சீவல்களாக அரிந்து, ஓடுபோல ஒடியும்வரை வெயிலில் காயவிட்டு அரைத்தால் அதுதான் ஆம்சூர். அரைத் தேக்கரண்டி தூவினால் தேசிக்காயின் குறை தெரியாது. தேசிப்புளிதான் வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், சாப்பிடும் நேரத்தில் அவருடைய பங்குக்கு மட்டும் பிழியுங்கள். அது நல்லதும்கூட. விதையில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள விற்றமின் சி துணைநிற்கும். தேநீரோ அதற்கு எதிராக வேலை செய்யும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். முடிந்த நாளில் செய்யட்டும்.

சாட் மசாலா பொதி வாங்கிப் போடலாம் என்று பெண் சொல்லக்கூடும். சுவை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் சாதாரண உப்பும் கறுப்பு உப்புமாகச் சேர்ந்து உப்பு நிறைய இருக்கும். உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நமத்துப்போனதற்குத் தேசிக்காய் பாதிக் காரணம். மீதி, சூட்டோடு மூடியது. உள்ளே எழும் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்ப விதையில் விழும். உப்புவெளி வீட்டில் சன்னலைத் திறந்தாலே கடற்காற்று. உப்புப் போத்தலே கசிகிற இடத்தில் விதை மட்டும் தப்புமா? சுளகில் ஒரு மணித்தியாலம் முழுவதாக ஆறவிட்டு, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். உப்புக்குள் அரிசி போடுவது போல, வறுத்த அரிசி ஒரு கரண்டியை மெல்லிய துணியில் முடிந்து உள்ளே வைக்கலாம். வெயில் படாத இடம். நமத்தால் எறிய வேண்டாம், தாச்சியில் மெல்லிய சூட்டில் மூன்று நிமிடம் புரட்டினால் மீண்டுவிடும். ஆனால் பழைய எண்ணெயின் காறல் மணம் வந்தால் மீளாது. விதையில் பாதிக்குக் கிட்ட எண்ணெய்தான், அது வெளிச்சத்திலும் சூட்டிலும் கெடும். ஒரு கிழமைக்கு வேண்டிய அளவு மட்டும் வறுப்பது நல்லது.

இனி, மேலே தள்ளிவைத்த குளிசைக் காரணம். பூசணிப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. மாப்பொருள் 11 கிராமுக்குள்தான். ஆகவே கோதுமை மா ரோல்ஸ் ஏற்றுவது போல இது இரத்தச் சீனியை ஏற்றாது. ஏற்றாது என்பதற்கும் இறக்கும் என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய குளம் இருக்கிறது. பக்கத்து வீட்டார் அதைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. விதையில் மக்னீசியம் அதிகம், 100 கிராமுக்கு 590 மில்லிகிராம் அளவில். மக்னீசியம் நிறைந்த உணவைப் பழக்கமாக உண்பவர்களிடம் நீரிழிவு வருவது குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. வராமல் பார்த்துக்கொள்வதைப் பற்றிய செய்தி அது. பத்து வருடமாக இருக்கிற நோயைக் குளிசை இல்லாமல் ஆள்வதைப் பற்றியது இல்லை.

யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாத ஒன்று இருக்கிறது. அவர் கிளிக்லசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், பின்னேரத்து ரோல்ஸை ஒரேயடியாக நிறுத்தி அந்த இடத்தில் விதையை மட்டும் வைக்கும்போது, சில நாட்களில் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, தலைச்சுற்று வந்தால் அதுதான். அப்போது விதையை நீட்டாதீர்கள், அதில் உள்ள கொழுப்பும் புரதமும் அவசரத்துக்கு உதவாது. மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. எதுவானாலும் அடுத்த கிளினிக் நாளில், பின்னேரச் சாப்பாட்டை மாற்றியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் கையில்.

எவ்வளவு சாப்பிடலாம்? பருப்பு என்றால் நாளுக்கு 30 கிராம், உள்ளங்கைக் குழியில் அடங்குவது. அதில் 170 கலோரிக்குக் கிட்ட வரும், 9 கிராம் புரதம் கிடைக்கும். கோதுடன் என்றால் ஒரு கைப்பிடி. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்க விடாதீர்கள். ரோல்ஸுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் இது நல்ல உணவு. ரோல்ஸும் தின்று மேலே இதையும் கொறித்தால் கூடுதல் எண்ணெய், அவ்வளவுதான். என்னிடம் வருகிற பலர் இந்த இரண்டாவது வகை. விதையை மருந்து என்று நினைத்துவிட்டால் மருந்துக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றாது போலும். கோதில் நார்ப்பொருள் அதிகம், ஆனால் சரியாக மெல்லாமல் அள்ளித் தின்றால் அதே நார் மலத்தை இறுக்கி அடைத்துவிடும். மூலம் இருப்பவரும் பொய்ப்பல் கட்டியவரும் பருப்பை மட்டும் தின்பது நல்லது.

உப்பைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே என்கிறது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைய. அதற்குள் சோறு, கறி, சம்பல் எல்லாம் அடங்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் விதையை உப்பில்லாத தண்ணீரில் அவித்து வறுங்கள். காரமும் மாங்காய்ப் புளிப்பும் இருந்தால் உப்பின் குறையை நாக்கு அவ்வளவாகத் தேடாது. அவருடைய சிறுநீரகப் பரிசோதனை முடிவு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சீனியும் பிரஷரும் பத்து வருடம் சேர்ந்திருந்தால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். விதைகளில் பொற்றாசியமும் பொஸ்பரஸும் அதிகம். தளர்ந்த சிறுநீரகம் அவற்றை வெளியேற்றச் சிரமப்படும். முடிவுத்தாளை வைத்தியரிடம் காட்டிக் கேட்ட பிறகு தினசரிப் பழக்கமாக்குங்கள்.

பேரனுக்கு வேண்டாம், அம்மா. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் மெல்லப் பழகியிருக்காது; சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ தின்னும்போது முழு விதையோ பருப்போ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஐந்து வயது தாண்டட்டும். அதுவரை காரமில்லாமல் வறுத்த பருப்பை மாவாக அரைத்து, புட்டுக்குத் தேங்காய்ப்பூவுடன் ஒரு தேக்கரண்டி கலந்துகொடுங்கள். உங்கள் போத்தல் அவன் கைக்கு எட்டாத தட்டில் இருக்கட்டும்.

மக்கானா தாமரை விதை இல்லை. கடைகளில் அப்படிப் பெயர் சொல்லி விற்பதால் எல்லோரும் நம்புகிறார்கள். அது அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையெல்லாம் முள்ளுள்ள வேறொரு நீர்ச்செடியின் விதை. பீகாரின் மிதிலைப் பகுதிக் குளங்களில் அதிகம் விளைகிறது. மிதிலை மக்கானாவுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதையை வறுத்துச் சூட்டோடு அடித்துப் பொரிய வைப்பார்கள், சோளப்பொரி போல. நம் குளத்துத் தாமரைக்காயைப் பிரித்துப் பச்சையாகத் தின்கிற விதையை எப்படி வறுத்தாலும் அப்படிப் பொரியாது. சுவையானதுதான், எண்ணெயும் மிகக் குறைவு, ஆனால் பெரும்பகுதி மாப்பொருள். பூசணி விதையின் இடத்தில் அதை வைத்துச் சீனிக்கு நல்லது என்று அள்ளிக் கொடுக்க வேண்டாம். பலாக்கொட்டைக்கும் இதே பதில்.

வத்தகப்பழ விதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதன் பருப்பும் புரதத்தில் பூசணிக்கு இளைத்ததில்லை. வட இந்தியாவில் பூசணி, வெள்ளரி, வத்தகை, முலாம்பழம் ஆகிய நான்கின் பருப்பையும் சேர்த்துச் சார் மகஸ் என்று விற்பார்கள். அரைத்துக் குழம்பைத் தடிப்பாக்குவார்கள். கறுத்த கோது மட்டும் பல்லுக்குப் பகை. இளவெயிலில் காயவைத்துப் பூசணி விதையோடு ஒரு பிடி சேர்த்து வறுத்துப்பாருங்கள், பிடித்தால் தொடருங்கள்.

கடைசியாக, ஒரு காயில் கிடைக்கிற விதை உங்கள் இருவருக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் வராது. அதற்காகத் தினமும் பூசணிக் கறி வைத்து வீட்டுக்காரரைச் சலிக்கவைக்க வேண்டாம். கோவில் அன்னதானத்துக்குக் காய் வெட்டும் நாளில் போய்ப் பார்த்திருப்பீர்கள், பூசணிக்காய் மலைபோல் குவிந்திருக்கும், குடலும் விதையும் மாட்டுக்குப் போகும். வெட்டுகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவைத்து ஒரு வாளியோடு போங்கள். வாளியை வெயிலில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க வேண்டாம். நாரோடு கிடக்கும் விதை சில மணித்தியாலங்களில் புளிக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரில் போடுங்கள்.